கொம்பு மூக்கு ஓணானைத் தேடி ஐந்து நாள்: ஒரு பயணச் சேவையின் மதிப்பீடு

இவ்வாண்டு மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில், பதினொரு வயதான என் அக்காள் மகளை அழைத்துக்கொண்டு இலங்கை மலைநாட்டுக்கு ஐந்து நாள் பயணம் சென்று வந்தேன். தேயிலைத் தோட்டம், அருவி, கோயில் என்று சுற்றிக் காட்டிவிட்டுக் கொழும்பில் கடைத்தெருவில் இறக்கிவிடும் வழக்கமான பயணம் அன்று இது. மலைக்காட்டில் மட்டும் வாழும் சில அரிய ஓணான்களை அவற்றின் இருப்பிடத்திலேயே பார்த்து, அவற்றின் வாழ்க்கையை அறிந்துகொள்வதற்காகச் சிங்கப்பூரில் உள்ள ஒரு சிறிய நிறுவனம் வகுத்த பயணம். எட்டுப் பேர் கொண்ட குழு. விமானச் சீட்டு நீங்கலாக ஆளுக்கு 1,450 சிங்கப்பூர் வெள்ளி. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் கொடுத்த புகார் ஒன்றுக்கு அவர்கள் இன்னும் முழுப் பதில் தரவில்லை. அதற்குமுன் பெயரைப் பொதுவில் இழுப்பது முறையாகாது. ஆனால் இத்தகைய பயணத்துக்குப் பணம் கட்ட நினைக்கும் தமிழ்க் குடும்பங்கள் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை எழுதியாக வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அந்த உயிரினத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செரட்டோஃபோரா என்னும் பேரினத்தைச் சேர்ந்த ஓணான்கள் உலகத்தில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. மூக்கின் நுனியில் கொம்புபோல ஒன்று நீட்டிக்கொண்டிருப்பது இவற்றுள் பலவற்றின் அடையாளம். சிங்களத்தில் 'அங் கட்டுஸ்ஸா', அதாவது கொம்பு ஓணான், என்கிறார்கள். நெடுங்காலம் மூன்று இனங்களே அறியப்பட்டிருந்தன. 1998இல் ரக்வானை மலைப்பகுதியிலிருந்து இரண்டு இனங்கள் விவரிக்கப்பட்டன. 2020இல் ஆறாவது ஒன்றும் சேர்ந்தது. எங்கள் பயணம் இவற்றுள் இரண்டைக் குறிவைத்தது: ஹோர்ட்டன் சமவெளியிலும் அதைச் சூழ்ந்த மத்திய மலைகளிலும் வாழும் கொம்பு மூக்கு ஓணான், நக்கிள்ஸ் மலைத்தொடரில் மட்டும் வாழும் இலை மூக்கு ஓணான்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குழுவினர் அனைவரையும் சிங்கப்பூரில் உள்ள புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதிக்கு வரச் சொன்னார்கள். கட்டணத்தில் அடங்கிய பயிற்சி நடை என்று தாளில் எழுதியிருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்தச் சேவையில் மிகச் சிறப்பாக அமைந்த இரண்டு பகுதிகளில் அது ஒன்று என்று இப்போது சொல்வேன். ஒரு மரத்தடியில் எங்களை நிறுத்தி, அடிமரத்திலிருந்து மேல்நோக்கிப் பார்வையை மெதுவாக நகர்த்தி, மரப்பட்டையோடு சேராத ஒரு விளிம்பைத் தேடச் சொன்னார்கள். பத்து நிமிடம் எவருக்கும் எதுவும் தென்படவில்லை. பிறகு பட்டையின் ஒரு துண்டு தொண்டைக்கு அடியிலிருந்து மஞ்சள் நிற மடலை விரித்து மூடியது. பறக்கும் ஓணான். பிறந்தது முதல் இந்த ஊரில் இருக்கிறேன். நூறு முறையாவது அந்தப் பாதையில் நடந்திருப்பேன். அதை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

அந்த நடையின்போது சொன்ன இன்னொரு செய்தியும் மனத்தில் நின்றது. நம் அடுக்குமாடிகளின் கீழே வேலியோரம் தலையாட்டிக்கொண்டிருக்கும் சாதாரண ஓணான் சிங்கப்பூருக்கு உரியதன்று. 1980களில் வடக்கிலிருந்து வந்து பரவியது. அது பரவிய பிறகு, இந்த மண்ணுக்கே உரிய பச்சை ஓணான் திறந்த வெளிகளிலிருந்து விலகிக் காட்டுப்பகுதிகளுக்குள் ஒதுங்கிவிட்டது. இவையும், பறக்கும் ஓணானும், நாங்கள் தேடிப் போன கொம்பு மூக்கு ஓணானும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 164 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமாவில் நின்றுகொண்டு, 2,100 மீட்டருக்கு மேலுள்ள ஹோர்ட்டன் சமவெளியில் வாழும் உறவினனைப் பற்றிக் கேட்டபோது, பயணம் அங்கேயே தொடங்கிவிட்டதாக உணர்ந்தேன்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியது, நுவரெலியா வரை வேனில் போனது, விடுதி ஆகியவை பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. வேன் சுத்தம், ஓட்டுநர் நிதானமானவர். விடுதி அறையில் ஈர வாடை அடித்தது, கேட்ட பிறகே கூடுதல் கம்பளி கொடுத்தார்கள். இரவுச் சாப்பாட்டில் ரொட்டியும் பருப்பும் லீக்ஸ் பொரியலும் சூடாக இருந்தன. குழந்தைகளோடு செல்பவர்கள் தடித்த காலுறைகளை இங்கிருந்தே எடுத்துச் செல்வது நல்லது.

ஹோர்ட்டன் சமவெளிக்கு எங்களுடன் வந்த வழிகாட்டி மலையகத் தமிழர். நாற்பது வயது இருக்கும். பட்டிப்பொல வழியாக ஏறிக் காலை ஆறரை மணிக்கு நுழைவாயிலை அடைந்தோம். அங்கே பூங்கா ஊழியர்கள் பைகளைத் திறந்து பார்த்து, பாலித்தீன் உறைகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். தண்ணீர்ப் புட்டியில் ஒட்டியிருந்த தாளைக்கூட உரித்தார்கள். எங்கள் குழுவில் ஒருவர் இதற்குச் சலித்துக்கொண்டபோது வழிகாட்டி கொடுத்த விளக்கம் குறிப்பிடத்தக்கது. பயணிகள் சிந்திவிட்டுப் போகும் உணவு காகங்களை மேலே இழுக்கிறது. காகம் பெருகினால் முதலில் அடிபடுவது மெதுவாக நகரும் ஓணான்தான் என்றார். எங்கள் காலைச் சாப்பாட்டை வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். சாப்பிட்ட பிறகு இலையையும் மிச்சத்தையும் ஒரு பருக்கை விடாமல் பையில் எடுத்து வைத்தார்.

உள்ளே போனதும் எல்லாரும் உலக முடிவு என்னும் பெரும்பள்ளத்தை நோக்கி விரைந்தார்கள். சுமார் 870 மீட்டர் செங்குத்தாக இறங்கும் அந்த இடத்தைப் பனிமூட்டம் மூடுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்பதே அந்த அவசரம். எங்கள் வழிகாட்டி அவசரப்படவில்லை. புல்வெளியில் மரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. புல்நுனியெல்லாம் பனி வெளுத்திருந்தது. ஓணானுக்கு உடல் சூடேற வெயில் வேண்டும், ஒன்பது மணிக்கு முன் தேடுவது வீண் என்று சொல்லி, அதுவரை காட்டைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். குட்டையாக முறுக்கிக்கொண்டு நிற்கும் மரங்கள், அவற்றைப் போர்த்தியிருக்கும் பாசி, பாசியிலிருந்து தொங்கும் நரைத்த இழைகள், பட்டுப்போய் வெளுத்து நிற்கும் மரக்கூட்டங்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

இந்தக் காடு எப்படித் தப்பியது என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பிக்காக மலைச்சரிவுகள் மொட்டையடிக்கப்பட்டன. 1869இல் இலைத்துரு நோய் தாக்கியதும் காப்பி விழுந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1873இல் தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாமல் விட வேண்டும் என்று பரிந்துரைத்தார். அந்தக் கோட்டுக்கு மேலே எஞ்சியதில்தான் நாங்கள் நின்றிருந்தோம். 1969இல் இயற்கை ஒதுக்ககமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆன இந்த இடம், 2010இல் நக்கிள்ஸ், சிவனொளிபாதமலைக் காடுகளுடன் சேர்ந்து உலக மரபுரிமைத் தலமாயிற்று. தம் பாட்டனார் லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, கோட்டுக்குக் கீழே கொழுந்துக் கூடையோடு வாழ்ந்து மறைந்தவர் என்று வழிகாட்டி இடையில் ஒரு வார்த்தை சொன்னார். என் தாய்வழிப் பாட்டனாரும் ரப்பர்த் தோட்டத்துக்காகக் கடல் கடந்தவர். இருவரும் சிறிது நேரம் பேசாமல் நடந்தோம்.

ஒன்பதே காலுக்கு வெயில் மரங்களுக்குள் இறங்கியது. பாதையோரம் இடுப்பு உயரத்தில் வளைந்திருந்த ஒரு கிளையின் முன் வழிகாட்டி நின்று, கையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டே, விரலை நீட்டாமல், "பாப்பா, பாசிக்கு மேலே ஒரு வெள்ளை முள் தெரியுதா?" என்று கேட்டார். கையை நீட்டினால் அந்த அசைவே போதும், அது கிளையின் மறுபக்கம் சுற்றிப் போய்விடும் என்று பிறகு விளக்கினார். என் மருமகள் முதலில் கண்டாள். எனக்கு அரை நிமிடம் பிடித்தது.

முள்ளைக் கண்ட பிறகுதான் முகம் தெரிந்தது; முகம் தெரிந்த பிறகுதான் உடல் தெரிந்தது. பச்சையும் பழுப்பும் கலந்த, விரல் நீள உடல்; அதைவிட நீண்ட வால். மேலுதடு முழுவதும் சுண்ணாம்பு தீட்டியதுபோல் வெள்ளை, அந்த வெள்ளை மூக்கின் நுனியில் திரண்டு கூராக முன்னோக்கி நீண்டிருந்தது. உடலின் பக்கவாட்டில் பெரிதும் சிறிதுமாகச் செதில்கள் ஒழுங்கில்லாமல் பதிந்திருந்தன. பாசி படர்ந்த பட்டையின் மேடுபள்ளம் அப்படியே அதன் தோலில் இருந்தது. ஒரு கண் எங்களைப் பார்த்தது. மற்ற எதுவும் அசையவில்லை. நிறுவனம் இரவல் தந்திருந்த இருகண் நோக்கி இரண்டு மீட்டர் தொலைவிலும் தெளிவாகக் காட்டியது. விலா ஏறி இறங்குவதை எண்ண முடிந்தது. எட்டுப் பேரும் இருவர் இருவராக முன்னே போய், மூன்று நிமிடம் பார்த்து, பின்னே வந்தோம். அது அந்தக் கிளையை விட்டு நகரவே இல்லை.

என் மருமகள் அந்தக் கொம்பு மாட்டுக் கொம்பைப் போன்றதா என்று கேட்டாள். வழிகாட்டியின் பதில் தெளிவாக இருந்தது. இந்த இனத்தில் அது எலும்பன்று. மூக்கு நுனியில் உள்ள ஒரே ஒரு செதில்தான் முள்போல நீண்டிருக்கிறது. இலை மூக்கு ஓணானில் பல செதில்கள் சேர்ந்து, தட்டையான சதைப்பற்றுள்ள இலை வடிவம் எடுக்கின்றன. தாழ்நில மழைக்காட்டில் வாழும் மூன்றாவது இனத்திலோ பல செதில்கள் கூடிச் சொரசொரப்பாக இருக்கும். ரக்வானை மலைகளின் இரண்டு சிறிய இனங்களில் அது மிகக் குறுகியதாகவோ இல்லாமலோ இருக்கும். ஆகவே வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு ஒரே கொம்பாகத் தோன்றுவது, உள்ளே வெவ்வேறு வகையில் அமைந்தது. ஆணுக்கு நீளமாகவும் பெண்ணுக்குக் குட்டையாகவும் இருப்பதையும் சொன்னார். அன்று நண்பகலுக்குள் ஒரு பெண் ஓணானைக் கண்டபோது, நாங்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டோம்.

பெண் ஓணான் தரைக்கு இறங்கி, மண்ணைத் தோண்டிச் சில முட்டைகளை இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். அதே சமவெளியில் வாழும் கொஃபோட்டிஸ் என்னும் குள்ள ஓணானோ முட்டையிடாமல் குட்டி போடுகிறது. நண்பகலுக்குப் பிறகு ஒரு புதரில் அதையும் பார்த்தோம். வாலைக் கொடிபோலக் குச்சியில் சுற்றிக்கொண்டு, அந்தப் பிடியிலேயே உடலைத் தாங்கி நின்றது. மண் குளிர்ந்து கிடக்கும் உயரத்தில், கருவைத் தன் உடலிலேயே வைத்துக்கொண்டு வெயில் விழும் இடமாகப் பார்த்து நகரும் தாய்க்கு என்ன நன்மை என்று வழிகாட்டி கேட்க, என் மருமகள் "முட்டை வெயில் காய முடியாது, அம்மா காயலாம்" என்றாள். வகுப்பறையில் இதைவிட நன்றாக எவராலும் கற்பித்திருக்க முடியாது. இந்த ஒரு நாளுக்கு நான் கட்டிய பணம் முழுவதையும் கொடுக்கலாம்.

ஒரு விதியையும் பாராட்டியாக வேண்டும். படம் எடுக்கும் முன் கைப்பேசியில் இடக்குறிப்பை அணைக்கச் சொன்னார். மின்னொளி கூடாது என்றார். இந்த ஓணான்களை வெளிநாடுகளில் செல்லப் பிராணியாக விற்கும் கூட்டம் உண்டு; படத்தோடு சேர்ந்து போகும் இடக்குறிப்பு அவர்களுக்கு வரைபடமாகிவிடும். இலங்கைச் சட்டம் இவற்றைப் பிடிப்பதைத் தடுக்கிறது. 2019இல் ஜெனிவாவில் நடந்த உலக வனவிலங்கு வணிக மாநாட்டில் இலை மூக்கு ஓணானும், ரக்வானையின் இரண்டு இனங்களும், இரு கொஃபோட்டிஸ் இனங்களும் நாடுகளுக்கிடையிலான வணிகத்தைத் தடுக்கும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கொம்பு மூக்கு ஓணான் அந்த வணிகத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. சிங்கப்பூரில் ஓணான் எதையும் வீட்டில் வளர்ப்பது சட்டவிரோதம் என்பதையும், பயிற்சி நடையிலேயே நிறுவனம் குழந்தைகளிடம் எடுத்துச் சொல்லியிருந்தது.

இனி, குறை. நான்காம் நாள் நக்கிள்ஸ் மலைத்தொடர். கண்டியையும் மாத்தளையையும் கடந்து போனோம். மூடிய கையின் விரல் முட்டிகளைப்போல் தெரிவதால் வெள்ளையர்கள் வைத்த பெயர் அது. மகாவலி பாயும் பள்ளத்தாக்கு இந்த மலைத்தொடரை மத்திய மலைகளிலிருந்து பிரிக்கிறது. குளிர்ந்த காட்டுக்குப் பழகிய உயிரினம் சூடான பள்ளத்தாக்கைக் கடக்க முடியாமல் தனித்துப் போயிருக்கிறது; அங்கே முள் மூக்கும் இங்கே இலை மூக்குமாக இரண்டு இனங்கள் இருக்கின்றன. நிலத்தின் அமைப்பைப் பார்த்தாலே புரிந்துவிடக்கூடிய இந்த அருமையான செய்தியை அன்று எவரும் சொல்லவில்லை. முந்தின நாள் மாலை முதல் வழிகாட்டியிடம் கேட்டு வைத்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. வேனில் நானே மற்றவர்களுக்குச் சொன்னேன்.

முதல் வழிகாட்டிக்கு வேறு குழு ஒன்று இருந்ததாம். அவருக்குப் பதிலாக ஓட்டுநரும் வழிகாட்டியுமாக ஒருவரை அனுப்பியிருந்தார்கள். முன்கூட்டி எங்களிடம் சொல்லவில்லை. அட்டை கடிக்காமலிருக்கக் காலுறை கொடுத்தார், ஏலக்காய் பயிராகும் நிழல் காட்டுக்குள் வேகமாக அழைத்துப் போனார், இலை மூக்கு ஓணானை அரை மணி நேரத்தில் கண்டும் பிடித்தார். கண் கூர்மையானவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்தது என்பதற்காக, அது இருந்த குச்சியை ஒடித்து எடுத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, ஒரு பெரணி இலையின் மேல் வைத்து, விரலால் தலையைத் திருப்பினார். குழுவில் மூவர் உடனே கைப்பேசியை நீட்டினார்கள்.

மூக்கு நுனியில் மெல்லிய தளிர் ஒன்று ஒட்டியதுபோல் இருந்த அந்த முகத்தை நானும் ஓரடித் தொலைவில் பார்த்தேன். அது கண்களை மூடிக்கொண்டு, கால்விரல்களால் பெரணித் தண்டை இறுக்கிப் பிடித்தபடி கிடந்தது. என் மருமகள் என் சட்டையை இழுத்து, "மாமா, தொடக்கூடாதுன்னுதானே சொன்னாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. அந்த மனிதரிடம், "தம்பி, அதை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்" என்றேன். படம் நன்றாக வர வேண்டும் என்றுதான் செய்தேன் ஐயா என்று அவர் மரியாதையாகவே சொன்னார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. 'உறுதியாகக் காணலாம்' என்று விளம்பரத்தில் அச்சடித்த நிறுவனத்தின்மீதுதான் வருத்தம். உறுதி கொடுத்துவிட்டு ஆளை அனுப்பினால், அவர் எப்படியாவது காட்டத்தான் பார்ப்பார். அந்த ஒரு மலைத்தொடரைத் தவிர உலகில் வேறு இடமில்லாத உயிரினம் அது. மலை சூடேறினால் ஏறிப் போவதற்கு மேலே வேறு மலையும் இல்லை.

அவர்கள் கொடுத்த தமிழ்க் கையேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் கையேடு கொடுத்ததே மகிழ்ச்சி. ஆனால் பன்னிரண்டு பக்கத்திலும் கொம்பு மூக்கு ஓணானைப் 'பச்சோந்தி' என்றே எழுதியிருக்கிறார்கள். பச்சோந்தி வேறு குடும்பம். இலங்கையில் அது வறண்ட தாழ்நிலத்தில் வாழ்வது, குளிர்ந்த மலைக்காட்டில் அன்று. ஓணான் என்னும் நல்ல சொல் எல்லாக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும்போது, அதை விட்டுவிட்டுத் தவறான சொல்லைத் தேடிப் பிடித்திருக்க வேண்டியதில்லை. திருத்தங்களைக் குறித்து ஒரு படியை அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

திரும்பி வந்த மறுநாள் எழுத்தில் புகார் செய்தேன். ஒரு வாரத்துக்குள் மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. 'உறுதியாக' என்ற சொல்லை விளம்பரத்திலிருந்து நீக்கிவிட்டார்கள், அதை நானே பார்த்தேன். நான்காம் நாளுக்கு வழிகாட்டியை மாற்றியது ஏன், இனி அங்கு போகிறவர்கள் விலங்கைத் தொடக்கூடாது என்று எழுத்தில் ஒப்புவார்களா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை வரவில்லை. நான் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. இந்த இரண்டு விடைகளைத்தான் கேட்டிருக்கிறேன்.

புக்கிட் தீமா நடைக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். நக்கிள்ஸ் நாளுக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளால் சமவெளியின் ஒன்பது கிலோமீட்டர்ச் சுற்றை நடப்பது கடினம். முட்டிவலி உள்ள பெரியவர்கள் பாதிவழியிலேயே திரும்பிவிடலாம். கொம்பு மூக்கு ஓணானை நாங்கள் கண்டது தொடக்கத்திலிருந்து அரை மணி நடைக்குள்தான். மழை குறைவான சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்கள் ஏற்றவை. முன்பணம் கட்டும் முன், நான்காம் நாளுக்கு வரப்போகும் வழிகாட்டி யார் என்று கேளுங்கள். முதல் மூன்று நாள் வருபவரே என்றால் அதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேறொருவர் என்றால் மூன்று நாள் பயணத்துக்கு மட்டும் பணம் கட்டலாம். கேட்டால் தனியாகப் பிரித்துத் தருகிறார்கள், 980 வெள்ளி.